வட்ட முத்திரையும் தகப்பன் பெயரும்

கெல்சென்கிர்ச்சன் என்று இந்த ஊரின் பெயரைத் தமிழில் எழுதும்போதே ஒரு தீர்மானம் எடுத்தாகிவிட்டது. ஜேர்மனியர் வாயில் அந்தச் 'ச்ச' இல்லை. நாக்கின் நடுப்பகுதி மேலண்ணத்தை நெருங்கும்போது கசியும் காற்றொலி அது. தமிழில் அதற்கு எழுத்து கிடையாது. கிர்ஷன் என்று எழுதுகிறவர்களும் உண்டு, கிர்ஹன் என்று எழுதுகிறவர்களும் உண்டு. எப்படி எழுதினாலும் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் ஒலி எதிர்த்திசையில் பயணம் போகும்போது, அதாவது யாழ்ப்பாணத்துப் பதிவாளர் ஒருவர் தமிழில் எழுதிய 'சண்முகநாதன்' ஜேர்மன் பதிவேட்டுக்குள் நுழையும்போது, சட்டம் குறுக்கே வந்து நிற்கிறது. அந்தப் பெயரின் முதல் எழுத்து எஸ்ஸா, எஸ் எச்சா, சியா என்பதில் ஒரு திருமணம் தள்ளிப்போகலாம், ஒரு குடியுரிமை விண்ணப்பம் தேங்கலாம், பிறந்த குழந்தையின் பதிவில் ஒரு கேள்விக்குறி ஒட்டிக்கொள்ளலாம்.

1970களின் கடைசியிலும், 1983 ஜூலைக்குப் பிறகு பெருந்தொகையாகவும் ஈழத்தமிழர் மேற்கு ஜேர்மனிக்கு வந்தார்கள். கிழக்கு பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலில் மேற்கு பேர்லினுக்குள் வந்த அந்த வழியை 1985இல் கிழக்கு ஜேர்மனி அடைத்தது. இன்று ஜேர்மனியில் வாழும் தமிழரை ஏறத்தாழ 60,000 பேர் என மதிப்பிடுவது வழக்கம். அவர்களில் கணிசமானோர் ரூர் பள்ளத்தாக்கின் பழைய நிலக்கரி ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் வாழ்க்கையில் ஒரு முறையாவது பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, முத்திரை குத்தும் அதிகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் போயிருப்பார்கள். கலியாணத்துக்கு, குழந்தையின் பிறப்பைப் பதிய, குடியுரிமைக்கு. நிர்வாக மொழி ஜேர்மன் என்று நிர்வாக நடைமுறைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது; வேற்றுமொழிப் பத்திரம் தந்தால் மொழிபெயர்ப்பைக் கேட்கவும், தேவைப்பட்டால் அதிகாரம் பெற்றவரே அதைச் செய்ய வேண்டும் என்று சொல்லவும் அலுவலகத்துக்கு அதே பிரிவு இடம் தருகிறது.

நோர்ட்ரைன்-வெஸ்ட்பாலியா மாநிலத்தில் அந்த அதிகாரத்தை வழங்குவது உயர் மாநில நீதிமன்றங்களின் தலைவர்கள். கெல்சென்கிர்ச்சனுக்கு உரிய நீதிமன்றம் ஹம் நகரில் இருக்கிறது. ஹம் என்றதும் தமிழருக்கு நினைவு வருவது 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோவிலும் தேரும். பத்திரத்தோடு அலைகிறவருக்கோ அது இன்னொரு ஹம். சொந்த நாட்டிலிருந்து திருமணத் தடையின்மைச் சான்று பெற வழியில்லாதவருக்கு விலக்கு அளிப்பதும் அதே நீதிமன்றத் தலைவரின் வேலை. மொழிபெயர்ப்பாளர் தன் வேலையின் அடியில் 'சரியானது, முழுமையானது' என்று எழுதி வட்ட முத்திரை குத்திக் கையெழுத்திட்டால், குடியியல் வழக்கு நடைமுறைச் சட்டத்தின் 142ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தில் அது சரியானதாகவே கொள்ளப்படும். தவறென்று நிரூபிக்க வழி உண்டு. நிரூபிக்க வேண்டியவர் மறுக்கிறவர். ஒரு தனியாளின் சொல்லுக்கு இவ்வளவு பாரம் ஏற்றப்படும் இடங்கள் நவீன அரசில் மிகக் குறைவு.

இந்த ஏற்பாட்டைப் பற்றிச் சமூகத்தில் புழங்கும் முறைப்பாடு எளிமையானது: மொழிபெயர்ப்பாளர் பிழை விட்டுவிட்டார், பெயரைக் கெடுத்துவிட்டார், காசு அதிகம். பிழை விடுகிறவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் சிக்கலின் வேர் அங்கே இல்லை என்பது என் வாதம். பிறப்புச் சான்றிதழில் மொழிபெயர்க்க வேண்டிய சொற்கள் ஐம்பது அறுபதைத் தாண்டாது. மொழி அங்கே கடினமே அல்ல. கடினமாவது, ஒரு நாட்டின் பதிவு முறை இன்னொரு நாட்டின் பதிவு முறையில் பொருந்தாமல் நிற்கும் இடம். அந்தப் பொருந்தாமையை மறைத்து வழவழப்பாக்கித் தருவதே நல்ல மொழிபெயர்ப்பு என்று குடும்பங்களும் நினைக்கின்றன, அலுவலகங்களும் எதிர்பார்க்கின்றன. உண்மையில் பொருந்தாமையை எழுத்தில் காட்டித் தருவதுதான் நல்ல மொழிபெயர்ப்பு.

எழுத்துக்கூட்டலையே எடுத்துக்கொள்வோம். பதிவேடுகளில் பெயர்களை எப்படி எழுதுவது என்பது பற்றி 1973 செப்டம்பர் 13இல் உருவான பன்னாட்டு உடன்படிக்கை ஒன்றில் ஜேர்மனி உறுப்பு நாடு. அதன் வழி இரண்டு படி கொண்டது. பெயருக்கு உரியவரின் நாடே இலத்தீன் எழுத்தில் எழுதித் தந்த ஆவணம் இருந்தால் அதை எழுத்துப் பிசகாமல் பின்பற்ற வேண்டும்; இல்லையென்றால் ஐஎஸ்ஓ நியமத்தின்படி எழுத்துக்கு எழுத்து மாற்ற வேண்டும். தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகளுக்கான ஐஎஸ்ஓ 15919 நியமம் 2001இல் வந்தது. அதன்படி தமிழ்ச் ச எப்போதும் சி என்னும் எழுத்து, க எப்போதும் கே, த எப்போதும் டி. தமிழில் க ஒன்றே இடத்துக்கு ஏற்ப ஒலி மாறும் என்பது நியமத்துக்குத் தேவையில்லாத செய்தி. நியமத்தை அப்படியே பின்பற்றிச் சண்முகநாதனை எழுதினால், மேலும் கீழும் உள்ள குறிகளைக் கவனிக்காத ஜேர்மன் எழுத்தர் அதைக் 'கன்முகநாட்டன்' என்று வாசிப்பார். அறிஞருக்கு உகந்த நியமம். மருத்துவமனை வரவேற்பு மேசைக்கு உகந்ததல்ல.

இது கற்பனைப் பயம் அல்ல. தென்ஜேர்மனியின் ஆல்டன்ஸ்டைக் ஊரில் தொழில் செய்த கிரேக்க மசாஜ் சிகிச்சையாளர் கிறிஸ்டோஸ் கொன்ஸ்டன்டினிடிஸ் தன் திருமணப் பதிவில் பெயர் பிழையாக எழுதப்பட்டிருப்பதைத் திருத்தக் கேட்டார். பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்ப்பித்தபோது நியமப்படி வந்த வடிவம் 'ஹிரெஸ்டோஸ்' என்று தொடங்கியது. அவரது ஊரில் எவரும் அவரை அப்படி அழைத்ததில்லை. 1993 மார்ச் 30இல் ஐரோப்பிய நீதிமன்றம், ஒலிப்பையே திரித்து வாடிக்கையாளர் ஆள்மாறாட்டம் என்று எண்ணும் அளவுக்கு ஒரு வடிவத்தைத் திணிப்பது தொழில் செய்யும் சுதந்திரத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. கவனிக்க வேண்டியது தீர்ப்பின் கால்: அது ஐரோப்பியக் குடிமகனின் பொருளாதார உரிமையில் ஊன்றியிருக்கிறது. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் அந்தக் காலில் நிற்க முடியாது.

அப்படியானால் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே எடுத்துக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். முதல் படி அதைத்தான் சொல்கிறது. பெரும்பாலான இடங்களில் அதுவே சரியான வழியும்கூட. ஆனால் கடவுச்சீட்டு ஓர் ஆளுக்கு ஒன்று, பெயரோ குடும்பத்துக்குள் ஓடுவது. ஒரே சண்முகநாதன் தன் கடவுச்சீட்டில் எஸ் எச் என்று தொடங்குவார். மகளின் பிறப்புச் சான்றிதழை ஊரில் ஆங்கிலமாக்கிய சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் வெறும் எஸ் போட்டிருப்பார். மகனின் பாடசாலைப் பத்திரத்தில் நடுவில் உள்ள ஜி, கே ஆகியிருக்கும். மூன்றும் தமிழில் ஒரே பெயர். ஜேர்மன் எழுத்துகளில் மூன்று மனிதர்கள். கொழும்பில் பிறந்து, சான்றிதழ் சிங்களத்தில் எழுதப்பட்டவராக இருந்தால் இன்னொரு திருப்பம்: சிங்கள எழுத்தில் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு என்பதால் அங்கே 'தேவகி' என்பதன் முதல் எழுத்து இலத்தீனில் ஒன்றாகவும், தமிழ் வழியே வரும்போது வேறாகவும் இருக்கும். எந்த மொழிபெயர்ப்பாளரும் பிழை விடாமலே தாயும் மகளின் பத்திரத்தில் உள்ள தாயும் இரண்டு பேராகிவிடுவார்கள்.

எழுத்தைவிடச் சிக்கலானது பெயரின் வரிசை. இலங்கைத் தமிழரின் சான்றிதழில் 'பெயர்' என்ற கூண்டில் பெரும்பாலும் ஒரே சொல்தான் இருக்கும். உதாரணத்துக்குச் சிவகுமார். தகப்பன் பெயர் கந்தையா தகப்பனுக்குரிய கூண்டில் இருக்கும். அவரே கடவுச்சீட்டு எடுக்கும்போது கந்தையா சிவகுமார் ஆகிறார். ஜேர்மன் அலுவலகம் இதை இடமிருந்து வலமாக, முதற்பெயர், குடும்பப்பெயர் என்று வாசிக்கிறது. விளைவு, பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில் மகனை முழுப்பெயர் சொல்லி அழைத்தால் முதலில் எழும்புவது இறந்துபோன தகப்பன். சிவகுமாரின் பிள்ளைகளுக்குக் குடும்பப்பெயர் சிவகுமார் என்று விழும். தற்செயலாக அது தமிழ் வழக்கத்துக்கும் பொருந்திவிடுகிறது. பேரப்பிள்ளைகளுக்கும் அதே சிவகுமார் தொடரும்போதுதான் வழக்கம் உறைந்துபோனது தெரியும். மனைவியின் பெயரில் அவரது தகப்பன் பெயர் நிற்கும். ஒரு வீட்டுத் தபால்பெட்டியில் மூன்று 'குடும்பப்பெயர்கள்'.

ஜேர்மன் சட்டம் இதைக் காணாமல் இல்லை. குடியியல் சட்டத்தொகுப்பின் அறிமுகச் சட்டத்தில் 2007 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ள 47ஆம் உறுப்பு, ஒருவரது பெயர் ஜேர்மன் சட்டத்தின் கீழ் வரும்போது, பெயரின் துண்டுகளில் எது முதற்பெயர், எது குடும்பப்பெயர் என்று அவரே அறிவிக்க வழி செய்தது. 2025 மே 1 முதல் பெயரை ஆளும் சட்டம் குடியுரிமை நாட்டினது அல்ல, வழக்கமாக வசிக்கும் நாட்டினது. இனி இந்த ஊரில் வசிப்பவரின் பெயர் கொழும்புச் சட்டத்தின் வழியே போய்வர வேண்டியதில்லை. பெரிய மாற்றம்தான். ஆனால் அறிவிப்புச் செய்யும் மேசையில் முதலில் வைக்கப்படுவது அதே மொழிபெயர்ப்பு. அதில் மொழிபெயர்ப்பாளர் உதவி செய்வதாக எண்ணிச் சிவகுமாரைக் 'குடும்பப்பெயர்' என்று தலைப்பிட்டிருந்தால், தெரிவு செய்யும் உரிமை தெரிவுக்கு முன்பே பறிபோய்விட்டது. மூலத்தில் 'பெயர்' என்றுதான் இருக்கிறது. 'பெயர்' என்றுதான் மொழிபெயர்க்க வேண்டும்.

கூண்டுகளுக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கிப் பார்க்கலாம். இன்று நடுத்தர வயதில் இருப்பவர்கள் கையில் வைத்திருக்கும் இலங்கைப் படிவம் பிறந்தவரைப் பற்றிப் பேசுவதைவிட அவரது முன்னோரைப் பற்றி அதிகம் பேசுகிறது. பெற்றோர் விவாகமானவர்களா, எங்கே, எப்போது. தகப்பனின் இனம், தாயின் இனம். பாட்டன் இலங்கையில் பிறந்தவராயின் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம். பூட்டனுக்கும் இடம் உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தந்தை வழியில் பாட்டன், பூட்டன் வரை கேட்டது. மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றவரானது அதனால்தான். 1951ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் படிவம் அந்தக் கேள்வியைக் கூண்டாக்கி ஒவ்வொரு குழந்தையின் தலைமாட்டிலும் வைத்தது. ஜேர்மன் பிறப்புச் சான்றிதழில் இதற்கு ஈடான கூண்டே இல்லை. 'இனம்' என்பதை ஆங்கிலப் படிவத்தில் உள்ள சொல்லைப் பார்த்து ஜேர்மனில் 'ரஸ' என்று எழுதிவிடலாம், அகராதி ஒத்துக்கொள்ளும். ஆனால் 1938 ஆகஸ்டில் ஓர் ஆணையால் யூத ஆண்களுக்கு இஸ்ரேல், பெண்களுக்கு சாரா என்று பெயர் சேர்த்து, அதைப் பிறப்புப் பதிவேட்டின் ஓரத்திலேயே எழுதிவைத்த மண் இது. இங்கே அந்தச் சொல் வெறும் சொல் அல்ல. மக்கட்சார்பு என்னும் பொருள்தரும் சொல்லை இட்டு, மூலப் படிவத்தின் கூண்டு எது என்று அடிக்குறிப்பில் சொல்வதே நேர்மை. கூண்டையே விட்டுவிடுவது நேர்மை அல்ல. முழுமை என்று கையெழுத்திட்டவர் விடவும் முடியாது.

இந்த ஊருக்குப் பெயர் மாற்றத்தின் பழைய அனுபவமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்குப் பிரஷ்யாவின் மசூரியாவிலிருந்து சுரங்கத் தொழிலாளர் கெல்சென்கிர்ச்சனுக்குத் திரண்டு வந்தார்கள். ஷால்க 04 கால்பந்துக் கழகத்தின் குட்சோரா, ட்செப்பான் போன்ற பெயர்கள் அந்த வழி வந்தவை. 1934இல் கழகம் ஜேர்மன் வாகை சூடியபோது போலந்து நாளேடுகள் அதைப் போலந்தியரின் வெற்றி என்று எழுத, வீரர்களின் பெற்றோர் பிறந்த ஊர்களை வெளியிட்டுக் கழகம் மறுத்தது. பிறப்பிடம் ஒரு வாதமாகக் காட்டப்பட்டது. செர்வின்ஸ்கி என்ற வீரர் ரோத்தார்ட் ஆனார். போலந்து மொழிப் பெயரில் ஒளிந்திருந்த சிவப்பு, ஜேர்மன் பெயரிலும் சிவப்பாகவே இருந்தது. அது பெயரையே மொழிபெயர்த்த காலம். இன்றைய சட்டம் பெயரை மொழிபெயர்க்காதே, எழுத்தை மட்டும் மாற்று என்கிறது. முன்னேற்றம்தான், ஆனால் எழுத்தை மட்டும் மாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்பதை அது குறைத்து மதிப்பிட்டிருக்கிறது.

இந்தச் சுமையை வேறு விதமாகவும் ஏற்பாடு செய்யலாம் என்பதற்குத் தொலைவில் போக வேண்டாம். அருகில் உள்ள டுசல்டோர்ப் ஜப்பானியர் பெருமளவில் வாழும் நகரம். ஜப்பானில் நாம் சொல்லும் பொருளில் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. 1872இல் தொடங்கிய நவீன கொசெக்கி என்னும் குடும்பப் பதிவேடுதான் உண்டு. அதன் ஆண்டுக்கணக்குப் பேரரசரின் காலப்பெயரில் ஓடும்; ஷோவா 58 என்றால் 1983. பெயர் சீனவழி எழுத்தில் இருக்கும். அதை எப்படி வாசிப்பது என்பதே 2025 மே 26 வரை பதிவேட்டில் இல்லை. மொழிபெயர்ப்பாளருக்குத் தமிழைவிடப் பல மடங்கு கடினம். ஆனால் ஜப்பானியர் பலருக்கு அந்தக் கடினம் தட்டுப்படுவதில்லை. கொசெக்கியைக் காட்டினால் அவர்களது துணைத்தூதரகமே பிறப்பு, திருமணம் பற்றிய சான்றை எழுதித் தருகிறது. கடவுச்சீட்டின் இலத்தீன் எழுத்துக்கூட்டலுக்கு ஹெப்பன் முறை என்று நாடு முழுவதற்கும் ஒரே வழி. ஒரு நாட்டின் அரச பத்திரத்தை ஒரே சான்றோடு மற்ற நாடுகள் ஏற்கச் செய்யும் அப்போஸ்டில் உடன்படிக்கையிலும் ஜப்பான் 1970இல் சேர்ந்துவிட்டது. இந்தியா 2005இல் சேர்ந்தும் ஜேர்மனி ஆட்சேபித்ததால் இரு நாடுகளுக்கிடையே அது செல்லாது. சென்னையில் பிறந்த பொறியியலாளரின் சான்றிதழை ஜேர்மன் தூதரகம் அமர்த்தும் வழக்கறிஞர் நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது, செலவு விண்ணப்பதாரருடையது. ஆக, மொழியின் கடினத்துக்கும் மனிதர் படும் அலைச்சலுக்கும் தொடர்பில்லை. அலைச்சலைத் தீர்மானிப்பது, இடைவெளியை எந்த அரசு தன் தலையில் ஏற்றுக்கொண்டது என்பதுதான்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஜப்பானின் பதிவேட்டை நம்பலாம், இலங்கையினதை எப்படி நம்புவது? போர்க்காலத்தில் ஏஜென்சி மூலம் வேறொருவர் கடவுச்சீட்டில் வந்தவர்கள் உண்டு. வயதைக் கூட்டியும் குறைத்தும் சொன்னவர்கள் உண்டு. பணத்துக்கு எழுதிய பத்திரங்களும் உண்டு. மறுக்க முடியாது. ஆனால் பதிவேடே அழிந்தவர்களும் உண்டு. யாழ்ப்பாணப் பழைய கச்சேரி போரில் சிதைந்தது, 2004 ஆழிப்பேரலை முல்லைத்தீவு நகரைத் துடைத்துப் போட்டது. பதிவு கண்டுபிடிக்க முடியாதவர்களுக்கு இலங்கை தருவது உத்தேச வயதுப் பத்திரம். அதை 'பிறப்புச் சான்றிதழ்' என்று மொழிபெயர்த்துக் கொடுத்தால் அலுவலகத்தின் சந்தேகம் நியாயமாகிவிடும். 'உத்தேசம்' என்ற சொல்லை உள்ளபடி மொழிபெயர்த்து, அது என்ன வகைப் பத்திரம் என்று ஒரு வரி விளக்கினால் அதிகாரி எடைபோட முடியும். எடைபோடும் தராசும் இருக்கிறது. 2020 செப்டம்பர் 23இல் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் குடியுரிமைக்கான அடையாள நிரூபணத்தைப் படிப்படியாக வகுத்தது: கடவுச்சீட்டு, அது இயலாவிட்டால் வேறு அரச ஆவணங்கள், பிறகு மற்றச் சான்றுகள், விதிவிலக்காக ஒருவரது சொந்தக் கூற்று. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 25ஆம் உறுப்பும், சொந்த நாட்டு அதிகாரிகளை அணுக முடியாதவருக்குப் பத்திரம் வழங்க அடைக்கல நாடு உதவ வேண்டும் என்கிறது. குறையுள்ள பத்திரத்துக்குச் சட்டத்தில் இடமுண்டு. குறையை மறைத்த பத்திரத்துக்கு இல்லை.

இன்னொரு ஆட்சேபம் நடைமுறைக்காரர்களுடையது: குறிப்பு எழுதினால் அலுவலகம் இன்னும் நாலு கேள்வி கேட்கும், ஒத்துப்போகிற மாதிரி எழுதிவிட்டால் இன்றே முடியும். இன்று முடியும். ஆனால் பெற்றோரின் அடையாளம் நிறுவப்படாத நிலையில் பிறந்த குழந்தையின் பதிவில் 'அடையாளம் நிறுவப்படவில்லை' என்ற சேர்க்கை எழுதப்படும். குறை தீரும்வரை முறையான பிறப்புச் சான்றிதழுக்குப் பதில் பதிவேட்டின் சான்றுபெற்ற பிரதிதான் கிடைக்கும். முதல் மொழிபெயர்ப்பில் ஒத்துப்போகச் செய்த எழுத்து, பத்து வருடம் கழித்து வேறொரு மொழிபெயர்ப்பாளர் நேர்மையாகச் செய்த இரண்டாவது மொழிபெயர்ப்போடு மோதும்போது, நியாயம் சொல்ல வேண்டிய பொறுப்பு அந்தப் பிள்ளையின் பெற்றோருக்கு. இரண்டு முத்திரைகளும் அசல். கைப்பேசியே மொழிபெயர்க்கிறதே, முத்திரை எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமான பதில்: கைப்பேசி சிவகுமாரை நொடியில் மொழிபெயர்க்கும், நாளை நீதிமன்றம் கூப்பிட்டால் வந்து நிற்காது.

இலங்கைப் பதிவாளர் நாயகம் செய்ய வேண்டியது பெரிதல்ல: புதிய சான்றிதழ்களில் தமிழ், சிங்களப் பெயரின் அருகே கடவுச்சீட்டுக்கும் பொருந்தும் ஓர் இலத்தீன் எழுத்துக்கூட்டலை அச்சிடுவது. அதுவரை செய்யக்கூடியது நம் கையில் உள்ளது. மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போது சான்றிதழை மட்டுமல்ல, வீட்டிலுள்ள எல்லோருடைய கடவுச்சீட்டையும், முன்பு எங்காவது கொடுத்த பழைய மொழிபெயர்ப்பின் பிரதியையும் கொண்டுபோங்கள். 'ஒத்துப்போகிற மாதிரி எழுதித் தாங்கோ' என்று கேட்காதீர்கள். மூலத்தில் பெயர் ஒரு சொல்தான், தகப்பன் பெயர் தனிக் கூண்டில் இருக்கிறது, கடவுச்சீட்டில் எழுத்துக்கூட்டல் இது, தமிழில் இவை ஒரே பெயர் என்று அடிக்குறிப்பு எழுதித் தரச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்புக் கட்டணத்தை ஜேர்மனியில் 55 எழுத்துகொண்ட நியமவரிக் கணக்கில் போடுவது வழக்கம். அந்தக் குறிப்பு நாலைந்து வரிக்கு மேல் வராது.